உப்புப் பைக்கற்றில் ஒரு திகதி: திருகோணமலை ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் இதய நோய்த் தடுப்பு

நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் ஓட்டோ ஓட்டும் 52 வயது ஆண். உப்புவெளிப் பக்கம் வீடு; மனைவி, இரண்டு பிள்ளைகள். நெஞ்சு நோ இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, தினமும் போடும் குளிசை எதுவும் இல்லை. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்துக்கு அவர் தன் உடம்பைப் பார்க்க வரவில்லை. மனைவியை கிளினிக்குக்கு ஏற்றி வந்துவிட்டு வெளியே காத்திருந்தவரை, “நீங்களும் ஒருக்காப் பாருங்களன், காசு இல்லைதானே” என்று தாதி ஒருவர் கூப்பிட்டு இருத்தினார். நாற்பது கடந்த ஆண்கள் பலர் இந்த நிலையங்களுக்குள் வருவது இப்படித்தான், வேறொருவருக்குத் துணையாக.

இவர் தனி ஒருவர் அல்லர். இந்த மாவட்டத்தில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒருவராகத் தொகுத்த மாதிரி நிகழ்வு இது. எண்கள் அந்த மாதிரிக்கு உரியவை. மருத்துவக் கணக்குகளும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை.

முதல் நாள்

உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. உடற் திணிவுச் சுட்டி 28.7. தெற்காசியருக்கு 23 ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். இடுப்புச் சுற்றளவு 101 சென்ரிமீற்றர். எங்கள் ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. சாரம் கட்டும் இடத்தில் நாடாவைப் பிடித்தால் ஐந்தாறு சென்ரிமீற்றர் குறைத்துக் காட்டும், ஏனென்றால் வயிற்றுக்குக் கீழே கட்டுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

வெறும் வயிற்று இரத்தச் சீனி 112. மொத்தக் கொலஸ்ட்ரோல் 238, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 158, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரோல்) 36, ட்ரைகிளிசரைட் (இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 220. எல்லாம் மில்லிகிராம், ஒரு டெசிலீற்றருக்கு. சிறுநீரகப் பரிசோதனையும் ஈசிஜியும் சரி.

பிரஷர் முதலில் 168/100 என்று வந்தது. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வெயிலில் வண்டியை விட்டு, வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு, நேரே கதிரையில் இருந்தவரின் அளவு அது. பிரஷர் அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து புகையும் தேத்தண்ணியும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை மேசையில், இதயத்தின் மட்டத்தில். தடித்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் அளவு பொய்யாகக் கூடும். இவரின் கைக்குப் பெரிய பட்டி தேவைப்பட்டது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, வேறொரு நாளில் மீண்டும் இரண்டு தடவை. சராசரி 152/94. முதல் அளவுக்கும் இதற்கும் 16 புள்ளி வித்தியாசம். அவசரத்தில் அளந்து குளிசை கொடுத்திருந்தால் இல்லாத அளவுக்கு மருந்து. அவசரத்தில் “வெயிலால்தான்” என்று அனுப்பியிருந்தால் இருக்கும் நோய்க்கு மருந்து இல்லை. இரண்டும் நடக்கிறது.

நாளுக்கு எட்டு சிகரெட். வெற்றிலையோடு புகையிலை நாலு வாய். வார இறுதியில் சாராயம். தகப்பன் 54 வயதில் மாரடைப்பில் இறந்திருக்கிறார். தகப்பனோ சகோதரனோ 55 க்கு முன், தாயோ சகோதரியோ 65 க்கு முன் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால் அது குடும்ப ஆபத்தாகக் கணக்கில் வரும். “அப்பாவுக்கு வயசு போனது” என்று அவர் சொன்னார். 54!

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் புதுப்பித்த அட்டவணையில் வயது, பால், புகை, நீரிழிவு, மேல் பிரஷர், மொத்தக் கொலஸ்ட்ரோல் என்ற ஆறையும் வைத்துப் பார்த்தால் இவர் செம்மஞ்சள் கட்டத்தில் விழுகிறார். அதாவது பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வர நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை வாய்ப்பு. அட்டவணைக்குத் தகப்பனின் வயது தெரியாது, இடுப்பு தெரியாது. ஆகவே உண்மை ஆபத்து கட்டம் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத் தவணை

பிரஷர் 160/100 க்குக் கீழே, நீரிழிவு இல்லை, சிறுநீரகம் சரி. இந்த நிலையில் உடனே குளிசை தொடங்குவதும் முறைதான்; மூன்று மாதம் வாழ்க்கைமுறையை மாற்றிப் பார்ப்பதும் முறைதான். வைத்தியர் இரண்டாவதை எடுத்தார், நிபந்தனையோடு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து அளக்க வேண்டும், 160 ஐத் தொட்டால் அன்றே குளிசை, மூன்று மாதத்தில் 140/90 க்குக் கீழே வராவிட்டாலும் குளிசை. இந்த நிபந்தனை இல்லாத தவணை வெறும் தள்ளிப்போடல்.

“உப்பைக் குறையுங்க, எண்ணெயைக் குறையுங்க, நடவுங்க” என்ற வழக்கமான மூன்று வரிகளை இந்தத் தடவை சொல்லவில்லை. எதை, எந்தக் கரண்டியால், எத்தனை மணிக்கு, யாருடைய கையால் என்று சொல்லாத அறிவுரை வாசலைத் தாண்டும்போதே விழுந்துவிடும். குளிசையை “கொஞ்சம் போடுங்க” என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆகவே அடுத்த சந்திப்பில் மனைவியும் இருந்தார். அன்று ஒரு மணித்தியாலம் முழுக்க ஒரே வேலை: அவரின் ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை எழுதுவது.

உப்பு எங்கிருந்து வந்தது

“நான் உப்பு மேலால போடுறதே இல்ல, மிஸ்.” அது உண்மை. மேசையில் உப்புப் போத்தலே இல்லை. ஆனால் நாள் இப்படி இருந்தது.

காலை எட்டு மணிக்கு ஓட்டோ நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் கால் இறாத்தல் பாண், பருப்பு, கட்டச் சம்பல். பாணிலே ஒன்றரை கிராம் உப்பு, சம்பலிலும் பருப்பிலும் இன்னும் ஒன்றரை. மதியம் வீட்டுச் சோறு, இரண்டு கறி, பொரித்த கருவாட்டுத் துண்டு ஒன்று. கறிகளில் இரண்டு கிராம். கருவாடு தனியே மூன்று. மாலை ரோல்ஸ் ஒன்று, வடை ஒன்று: ஒரு கிராமுக்குக் கிட்ட. இரவு ஹயர் பிந்தினால் கொத்து, சோயா சோஸும் சுவைத்தூளும் சேர்த்து: மூன்று கிராம். கூட்டினால் ஏறத்தாழ 12 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, பாணிலும் கருவாட்டிலும் ஒளிந்திருப்பதையும் சேர்த்து.

இந்தக் கணக்கில் திருகோணமலைக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. பச்சை மீன் விடியற்காலையிலேயே வந்து இறங்கும் ஊரில், ஒரு நாளின் உப்பில் கால்வாசி கருவாட்டிலிருந்து வருகிறது. நன்றாக உப்பிட்ட கருவாடு 100 கிராமில் பத்து கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். விலையும் காரணமல்ல. கறி சப்பென்று இருந்தால் கருவாடு தூக்கிக் கொடுக்கும் என்ற பழக்கமே காரணம்.

செய்தது இவ்வளவு. கருவாடு வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் துண்டாக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை இரண்டு தடவை மாற்றி ஊற்றிவிட்டு, பொரிக்காமல் கத்தரிக்காயோடு குழம்பாக, அந்தக் குழம்புக்கு வேறு உப்பில்லாமல். மற்ற நாட்களில் சூடை, சாளை, கும்பளா போன்ற சிறிய எண்ணெய் மீன்கள். விலை குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு இவற்றில் அதிகம். கொரக்காய்ப்புளி, தேசிக்காய், மிளகு, கறிவேப்பிலை தாராளம். புளிப்பும் காரமும் ஏறினால் உப்புக் குறைந்தது முதலில் தெரிவதில்லை. நாக்கு பழக மூன்று நாலு கிழமை எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தது உதவியது. முதல் வாரத்தில் “சாப்பாடு சரியில்ல” என்று வரும் சண்டை, எதிர்பார்த்த சண்டையாகிவிடுகிறது.

வீட்டு உப்பை அளக்க ஒரு வழி. புதிய பைக்கற்றை உடைக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுத வேண்டும். நாலு பேர் உள்ள இந்த வீட்டில் ஒரு கிலோப் பைக்கற் 28 நாளில் முடிந்துகொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது கிராம், சமையலறையிலிருந்து மட்டும். அதில் ஒரு பங்கு சிந்தி, கழுவுப்பட்டுப் போனாலும் கணக்கு பெரிது. இலக்கு: நாலு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 12 கிராம், அதாவது தூளுப்பு மட்டமாக இரண்டு தேக்கரண்டி. காலையிலேயே அந்த இரண்டு கரண்டியையும் ஒரு சிறிய டப்பாவில் எடுத்துவைத்து, அன்றைய சமையல் முழுவதும் அதிலிருந்தே. அப்படியானால் ஒரு கிலோப் பைக்கற் 80 நாளுக்கு மேல் போக வேண்டும். கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கணக்கு பிழைக்கும், கற்களுக்கு இடையில் காற்று. ஒன்றில் இடித்துத் தூளாக்க வேண்டும், அல்லது தூளுப்புக்கு மாற வேண்டும். எந்த உப்பானாலும் அயடீன் சேர்த்ததாக இருக்கட்டும்.

இந்த வீட்டில் முதல் பைக்கற் 45 நாள் போனது. அது தோல்வி இல்லை, பாதி வழி.

தேத்தண்ணி

நாளுக்கு ஏழு தடவை வெறும் தேத்தண்ணி, தடவைக்கு இரண்டரைக் கரண்டி சீனி. 87 கிராம் சீனி, 350 கலோரி. சேர்க்கும் சீனி ஒரு நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 க்குள் நின்றால் நல்லது. இவருக்கு ட்ரைகிளிசரைட் 220 ஆனதில் இந்தச் சீனிக்கும் சாராயத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பலர் அதை எண்ணெயின் மேல் மட்டும் சுமத்துகிறார்கள்.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் இறக்கியது. ஐந்தாவது வாரம் அரைக் கரண்டி. எண்ணிக்கை ஏழிலிருந்து நாலு. கடைத் தேத்தண்ணிக்கு “சீனி தனியா” என்று சொல்லிப் பழக வேண்டியிருந்தது, கடைக்காரர் கை அளவு வேறு. இதில் வந்த வழுக்கல்: நாலாவது வாரம் நிறை இறங்காமல் நின்றது. விசாரித்தபோது, சீனி குறைந்த தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்துக்கொண்டிருந்தார். “அது சீனி இல்லையே, பனையில இருந்து வாறது.” பனங்கட்டித் துண்டு ஒன்று 15 கிராம் இருந்தால் அது மூன்று கரண்டிச் சீனிதான். தேனுக்கும் கித்துள் பாணிக்கும் இதே கணக்கு. எருமைத் தயிரில் ஊற்றும் பாணியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

சோடா வகைகளில் சீனியின் அளவைக் காட்ட 2016 முதல் ஒட்டப்படும் நிற வட்டம் இவருக்கு எளிதாகப் பிடிபட்டது. சிவப்பு வட்டம் வீட்டுக்குள் வராது என்பது மகளின் சட்டம்.

தேங்காயும் எண்ணெயும்

இந்த விடயத்தில் எங்கள் சமூகத்தில் இரண்டு கட்சிகள். தேங்காய் விஷம் என்று ஒன்று, தேங்காய் மருந்து என்று மற்றது. கணக்கு இரண்டுக்கும் நடுவில். பச்சைத் தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு, அதில் ஏறத்தாழ 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் எல்லை நாளுக்கு 22 கிராம். எல்டிஎல் 158 இல் நிற்பவருக்கு அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது. தேங்காயை விலக்கினால் இந்த வீட்டில் சமையல் நடக்காது. விலக்கச் சொல்வது வீண் வார்த்தை.

சொன்னது: ஒரு வேளைக்கு ஒரு தேங்காய் வேலை. சொதி இருந்தால் சம்பல் இல்லை, புட்டில் தேங்காய்ப்பூ இருந்தால் கறிக்குப் பால் இல்லை. மீன் குழம்பு புளியில், பால் விடாமல். சொதிக்கு இரண்டாம் பால், முதற்பால் கடைசியில் ஒரு மேசைக்கரண்டி வாசனைக்கு. நாளுக்கு ஒன்றரைத் தேங்காய் என்றிருந்தது முக்கால் தேங்காயாகக் குறைந்தது. தேங்காய் விலை ஏறியிருந்த காலம் என்பதால் மனைவி இதை எங்களைவிட உறுதியாக நடைமுறைப்படுத்தினார்.

எண்ணெய் மாதம் நாலு போத்தல், எல்லாத் தேவைக்கும். இலக்கு இரண்டு போத்தல், 750 மில்லிலீற்றர் படி; ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டரைத் தேக்கரண்டி. தாச்சியில் போத்தலைச் சரிக்கும் கையை நிறுத்திக் கரண்டியால் எடுப்பது ஒன்றே பெரும்பாலான குறைப்பைத் தந்தது. பொரித்த எண்ணெயை அடுத்த நாள் தாளிக்கப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. தேங்காய் எண்ணெயை விட்டு பாம் எண்ணெய்க்கு மாறுவதால் பெரிய இலாபம் இல்லை, அதிலும் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. சோயா, சூரியகாந்தி, நல்லெண்ணெய் போன்றவற்றைப் பாதிக்குப் பாதி கொண்டுவருவது எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். இறாலையும் கணவாயையும் பற்றிக் கேட்டார். அவற்றிலுள்ள கொலஸ்ட்ரோலைவிட, அவற்றைப் பொரிக்கும் எண்ணெய்தான் பார்க்க வேண்டியது.

தட்டில் பாதி மரக்கறியும் இலைக்கறியும்: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கங்குன். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. சோறு மட்டமாக இரண்டு தேத்தண்ணிக் கோப்பை அளவு. சிவப்பரிசியானால் நல்லது, ஆனால் சிவப்பரிசி என்று மூன்று கோப்பை போட்டால் பயனில்லை. காலையில் பாணுக்குப் பதில் அவித்த கடலை அல்லது பயறு ஒரு கோப்பை, அல்லது இடியப்பம் ஐந்து.

இங்கேயும் ஒரு வழுக்கல். “நோயாளிச் சாப்பாடு” என்று இரவில் கிறீம் கிறாக்கர் பிஸ்கற் எட்டு, பத்து. எங்கள் ஊர்களில் காய்ச்சல்காரனுக்குக் கொடுத்துப் பழகியதால் அதற்கு ஒரு நல்ல பெயர். மா, கொழுப்பு, உப்பு மூன்றும் அதில் உண்டு, நார்ச்சத்து குறைவு.

புகை

எட்டிலிருந்து மூன்றாகக் குறைத்ததை அவர் பெருமையாகச் சொன்னார். நுரையீரலுக்கு அது கொஞ்சம் நல்லது. இதயத்துக்கு அந்தக் கணக்கு ஓடாது: நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் சிறிய அளவுக்கே கெட்டுவிடுகிறது, இரத்தம் கட்டியாகும் தன்மையும் சிறிய அளவுக்கே கூடுகிறது. ஆகவே குறைப்பது படி, இலக்கு பூச்சியம்.

ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார். கேட்டுப் பார்த்ததில் எட்டில் ஐந்து சிகரெட் ஹயர் இல்லாமல் வரிசையில் நிற்கும் நேரத்தில், ஒற்றையாக வாங்கியவை. அந்த நேரத்துக்கு மாற்று வேண்டும்: வாயில் கராம்பு அல்லது ஏலக்காய், தண்ணீர் அரைப் போத்தல், வண்டியை விட்டு இறங்கி ஐந்து நிமிட நடை. வேட்கை ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தணியும். முதல் மூன்று நாள் கடுமை, இரண்டு முதல் நாலு கிழமைக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும்.

மூன்றாவது வாரம் சிகரெட் நின்றது. ஆறாவது வாரம் வெற்றிலை நாலு வாயிலிருந்து ஒன்பதாகியிருந்தது! நிக்கொட்டின் வேறு வாசலால் வந்துகொண்டிருந்தது. புகையில்லாப் புகையிலையும் பிரஷரையும் நாடித்துடிப்பையும் ஏற்றும், வாய்ப் புற்றுநோய் தனிக் கணக்கு. அதைக் கைவிட இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. முதலில் புகையிலையை எடுத்து, பிறகு பாக்கை. சிகரெட்டை விட்டு ஒரு வருடத்தில் கூடுதல் இதய ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும். ஆபத்துக் கணக்கில் ஒரு வருடம் முடியும்வரை புகைப்பவராகவே வைத்துக் கணிப்பது பாதுகாப்பான முறை.

சாராயம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இதயத்துக்கு நல்லது என்று குடிக்கும் அளவு ஒன்று இல்லை. அதோடு வரும் மிக்ஸரும் பொரித்த இறைச்சியும் ஒரு நாள் உப்பை ஒரு மணித்தியாலத்தில் உள்ளே அனுப்பும்.

நடை

நாள் முழுவதும் இருந்து ஓட்டும் தொழில். முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம் மட்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி, பத்தாவது வாரம் 30 நிமிடம், கிழமையில் ஐந்து நாள். வேகத்துக்கு அளவு: 15 செக்கனில் 25 அடி, கதைக்கலாம், பாட்டுப் பாட மூச்சு இராது. கிழமையில் இரண்டு நாள் கதிரையில் இருந்து எழும்பல், சுவரில் கை ஊன்றித் தள்ளல், பத்துப் பத்தாக இரண்டு சுற்று.

உப்புவெளி மணலில் நடப்பது தார் வீதியைவிடக் களைப்பு. தொடக்கத்தில் ஈரமணலின் இறுகிய விளிம்பு, அதுவும் செருப்போடு. பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரையான ஏற்றத்தை முதல் மாதம் வேண்டாம் என்று வைத்தோம். அதை ஏறத் தொடங்கியது மூன்றாம் மாதத்துக்குப் பிறகு. ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து நின்றால் தணிகிறது என்றால், அது பயிற்சிக் களைப்பு அல்ல. அன்றே வைத்தியசாலை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒன்பது மணிக்கே வீதி கொதிக்கும். ஐந்தரைக்கு இறங்க வேண்டும், அல்லது விட வேண்டும். ஐந்தரைக்கு இறங்கினால் நாய். ஒரு தடி, ஒரு துணை, விளக்குள்ள வீதி. வாடைக்கால மழையில் நடை அடியோடு நின்றது. அந்த நாட்களுக்கு வீட்டு விறாந்தையில் அடி எண்ணும் நடை என்று மாற்று வைத்தாலும், பாதி நாள்தான் நடந்தது. நிறை ஒரு கிலோ ஏறியது. அடுத்த மாதம் இறங்கியது. மழைக்காலத்தை இப்படித்தான் கடக்க முடியும் போலும்.

மூன்றாம் மாதம்: குளிசைக்கு ஒரு அடி முன்

நிறை 75, இடுப்பு 97, எல்டிஎல் 138, ட்ரைகிளிசரைட் 180. எல்லாம் இறங்கியிருக்க, பிரஷர் மட்டும் 146/92. ஆறாவது வாரம் 144/90 ஆக இருந்தது ஏறியிருந்தது. நிபந்தனைப்படி அன்று அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசையை எழுதியிருக்க வேண்டும்.

எழுதும் முன் ஒரு கேள்வி: வேறு ஏதாவது குளிசை? இல்லை என்றார். நாரி நோவுக்கு? அதற்குப் பார்மசியில் வாங்கியது, டைக்ளோபெனக், பத்து நாளாக. அவரைப் பொறுத்தவரை அது “நோக் குளிசை”, மருந்துக் கணக்கில் வராது. டைக்ளோபெனக், இபுபுரூபன் வகைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும், சிறுநீரகத்தையும் தொடும். நெஞ்செரிவுக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் தூளிலும் சோடியம் நிறைய. அதுவும் வாரத்துக்கு நாலு தடவை நடந்திருந்தது.

இரண்டையும் நிறுத்தி, நாரிக்குப் பரசிட்டமோலும் (கரையும் வகை அல்ல, அதிலும் சோடியம்) சூட்டு ஒத்தடமும், இருக்கைக்கு முதுகுத் தாங்கியும். இரண்டு வாரத்தில் 138/88. ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் தேவையில்லாத குளிசை ஒன்றும், தொடரும் டைக்ளோபெனக்கும் கைகோத்துப் போயிருக்கும்.

காஸ்ட்ரிக் என்று நினைப்பது

நெஞ்செரிவு என்று அவர் சொன்னதால் ஈசிஜி மீண்டும் எடுக்கப்பட்டது, சரியாக இருந்தது. இந்த இடத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே சொன்னது இது. நெஞ்சின் நடுவில் பாரம் அல்லது இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வையோ மூச்சு முட்டலோ சேர்ந்தால், இஞ்சித் தேத்தண்ணியும் சோடாவும் கொடுத்து விடியும்வரை பார்ப்பது கூடாது. 1990 ஐ அழைக்க வேண்டும், அம்புலன்ஸ் இலவசம். தானே ஓட்டோவை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பாதி வழியில் மயங்கினால் அவரும் போவார், எதிரில் வருபவரும் போவார். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நோ தெளிவாக இல்லாமல் வெறும் களைப்பும் வாந்தியுமாகவும் வரலாம்.

முன்னெச்சரிக்கைக்குத் தினமும் அஸ்பிரின் போடலாமா என்று மகன் கேட்டார். இதய நோய் வராதவருக்கு வைத்தியர் சொல்லாமல் தினசரி அஸ்பிரின் வேண்டாம். குடலில் இரத்தக் கசிவு ஆபத்து, கிடைக்கும் நன்மையைத் தின்றுவிடும்.

பதினாலாம் மாதம்

சிகரெட்டை விட்டு ஒரு வருடம் கடக்கும்வரை காத்திருந்து மறு கணிப்பு. நிறை 71.5, இடுப்பு 92. பிரஷர் 132/84. மொத்தக் கொலஸ்ட்ரோல் 204, எல்டிஎல் 130, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைட் 160. வெறும் வயிற்றுச் சீனி 101. அட்டவணையில் செம்மஞ்சளிலிருந்து மஞ்சளுக்கு: ஐந்து முதல் பத்துக்குள்.

எது எவ்வளவு செய்தது என்று முழுதாகப் பிரிக்க முடியாது. பொதுவான கணக்கில் ஒரு கிலோ நிறை இறங்கினால் மேல் பிரஷர் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். ஆறரைக் கிலோவுக்கு ஆறு ஏழு புள்ளி. மிச்சத்தில் உப்புக்குப் பெரும் பங்கு, நடைக்கு அடுத்தது. ஆபத்துக் கட்டம் மாறியதில் மிகப் பெரிய தள்ளுதல் புகையை விட்டதுதான். கொலஸ்ட்ரோல் எண்ணைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு எங்கள் ஆண்கள் சிகரெட்டைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

எல்டிஎல் 130 க்குக் கீழே போகவில்லை. தேங்காயை இன்னும் இறுக்கினால் சில புள்ளி இறங்கலாம், ஆனால் அந்த இறுக்கம் வீட்டில் நிலைக்காது. தகப்பன் 54 இல் போனதையும் வைத்துப் பார்த்தபோது, கொலஸ்ட்ரோலை இறக்கும் ஸ்டேட்டின் வகைக் குளிசை ஒன்றைக் குறைந்த அளவில் எடுப்பதன் நன்மை தீமைகள் அவரோடும் மனைவியோடும் பேசப்பட்டன. இரவுக்கு அடோர்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எடுக்க ஒப்புக்கொண்டார். “அப்ப இவ்வளவு நாளும் செய்ததுக்கு அர்த்தம்?” என்று கேட்டார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் மூன்று குளிசை, அதுவும் கூடிய அளவில், என்பதே பதில். தொடங்குமுன் ஈரல் பரிசோதனை. காரணமில்லாத கடும் தசை நோ வந்தால் நிறுத்திவிட்டு வரச் சொல்லப்பட்டது.

குறட்டையும் பகல் தூக்கமும் அவருக்கு உண்டு. தூர இரவு ஹயர்களை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறார். நிறை இறங்கியும் குறட்டை நிற்காவிட்டால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். அது தனியே பிரஷரை ஏற்றும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷர், ஸ்டேட்டின் தொடங்கி எட்டாவது வாரம் கொலஸ்ட்ரோல், வருடத்துக்கு ஒருமுறை சீனியும் சிறுநீரகமும். மூதூரில் இருக்கும் 46 வயதுத் தம்பியையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னோம். அவரும் புகைப்பவர், இதுவரை ஒரு தடவைகூடப் பிரஷர் பார்த்ததில்லை.